பூசாத சுவர்

யய்யா,

போனில் பேசினால் நீ ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, கடைசியில் குக்கர் விசில் அடிக்கிறது என்று நான் பொய் சொல்லி வைத்துவிடுவேன். போன வாரம் அப்படித்தான் வைத்தேன். அன்றைக்கு அடுப்பில் குக்கரே இல்லை. காலையில் வைத்த புளிக்குழம்பைச் சுடவைத்து உங்கப்பாவும் நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். “எதுக்குடி பொய் சொல்லுத?” என்று அவர் கேட்டார். அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றை வைத்தேன். வாயை அடைக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் உன் வாயை ஓசூர் வரைக்கும் வந்து அடைக்க முடியாது என்பதால் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். குறுக்கே பேசாமல் முழுவதும் படி.

நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “என் கல்யாணத்துக்கு நாலு பேர் வாரப்ப வீடு இப்படியாம்மா நிக்கணும்? மீனா வீட்லயும் ஒரு மாதிரி கேட்டாக. வெளிச்சுவரைப் பூசி பெயிண்ட் அடிச்சிருவோம்.” நீயே கொத்தனாரிடம் பேசிவிட்டாய், வருகிற திங்கட்கிழமை சாரம் கட்ட ஆள் வரும் என்றும் சொன்னாய். அதாவது இந்த வீட்டுச் சிவப்புச் செங்கல் வெளிச்சத்தைப் பார்ப்பது இந்த ஞாயிற்றுக்கிழமையோடு சரி. அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தில்தான் அந்தக் குக்கர் விசில் அடித்தது.

இந்தச் செங்கல் எங்கிருந்து வந்தது என்று உனக்கு அரைகுறையாகத் தெரியும், முழுசாகச் சொல்கிறேன். எங்கய்யாவுக்கு, அதான் உன் தாத்தாவுக்கு, ஆனைக்குட்டத்துப் பக்கம் கொஞ்சம் நிலம் இருந்தது. கண்மாயில் தண்ணீர் இருந்தால் பருத்தியும் சோளமும் வரும், இல்லாவிட்டால் கடன்தான் வரும். உங்கப்பா பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வெட்டிக் கொடுக்கிற கட்டிங் தொழில் தொடங்கி, விஸ்வநத்தம் ரோட்டில் இந்த மனையை வாங்கிப்போட்டபோது, மழை பொய்த்து நிலம் தரிசாகக் கிடந்தது. எங்கய்யா அந்தக் கரம்பை மண்ணையே வெட்டி, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்திலேயே ஆட்களோடு ஆளாக உட்கார்ந்து செங்கல் அறுத்தார். வயல் மூலையில் காளவாசல் போட்டுச் சுட்டார். பிறகு லோடு லோடாக டிராக்டரில் ஏற்றி, மேலே ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, சீர் என்று சொல்லி இங்கே கொண்டுவந்து இறக்கினார். உங்கப்பா வீட்டு ஆட்கள் சிரித்தார்கள். ஊரில் மருமகள்மாருக்கு நகையும் பாத்திரமும் வரும், எனக்கு மட்டும் செங்கல் வந்தது. உன் பெரியத்தை என்னைச் செங்கமங்கலம் என்றுதான் கொஞ்ச காலம் கூப்பிட்டாள். நான் எங்கய்யாவிடம் அழுதேன். அவர் ஒரு செங்கல்லை எடுத்து இன்னொன்றில் தட்டிக் காட்டினார். கணீரென்று கேட்டது. “நகைன்னா பொட்டிக்குள்ள கெடக்கும் தாயீ. இது ஒன்னயச் சுத்தி நிக்கும்,” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு நான் அழவில்லை.

இதில் ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்கப்பா சொல்லிவிடுவார். வீட்டைப் பூசாமல் விட்டது நான் எடுத்த முடிவு இல்லை. கையில் காசு இல்லை. உள்ளே மட்டும் பூசிவிட்டு, வெளிப்பூச்சை அடுத்த சீசனில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். அடுத்த சீசனில் ஆர்டர் வந்தது, ஆனால் உங்கக்கா பிறந்தாள். அதற்கடுத்த சீசனில் ஆர்டரே இல்லை. அப்புறம் நீ. இப்படித் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, ஒரு நாள் உங்கப்பா நிஜமாகவே கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றபோது, எனக்கு மனசு வரவில்லை. மாலை வெயில் மேற்குச் சுவரில் விழும்போது அந்த நிறத்தை அத்தனை வருஷம் பார்த்துப் பழகியிருந்தேன். “எங்கய்யா குடுத்த சீரைப் பூசி மறைக்கணும்னா மொதல்ல என்னயப் பூசிட்டு மறைங்க,” என்று வாசலில் நின்றுவிட்டேன். கொத்தனார் மோர் குடித்துவிட்டுப் போனார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. எனக்கு என் சுவர்.

ஆனால் பூசாத சுவரை வைத்துக்கொள்வது குழந்தை வளர்ப்பது மாதிரிதான், ஆசை மட்டும் இருந்தால் போதாது. நீ பெரிய கம்பெனியில் மெஷின்களுக்கெல்லாம் பராமரிப்பு அட்டவணை போடுகிறவன், இந்த மெஷினுக்கும் சொல்கிறேன், கேட்டுக்கொள். ஐப்பசி கார்த்திகை மழையைச் சுவர் குடித்துவிட்டு, மார்கழி முடிந்து வெயில் ஏறும்போது வெள்ளையாக உப்பைக் கக்கும். அதைப் பார்த்ததும் வாளித் தண்ணீரை வீசிக் கழுவத்தான் கை வரும். கழுவக் கூடாது. கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும், அடுத்த வெயிலுக்குத் திரும்ப வரும். காய்ந்த சுவரைக் காய்ந்த தேங்காய்நார் பிரஷால் தேய்த்து, விழுகிற பொடியைக் கூட்டி அள்ளிவிட வேண்டும். வடக்குச் சுவரில் பாசி பிடித்தால் மட்டும்தான் தண்ணீர். அதற்கும் முதலில் கீழிருந்து மேலாகச் சுவரை நன்றாக நனைத்துவிட்டு, பிறகு தேய்க்க வேண்டும். தாகத்தோடு இருக்கிற செங்கல் அழுக்குத் தண்ணீரையும் குடித்துவிடும். செங்கல்லுக்கு நடுவில் இருக்கிற கலவை பொரிந்து உதிர்ந்தால், விரல்கணு ஆழத்துக்குச் சுரண்டி எடுத்துவிட்டு, சுண்ணாம்பு சேர்த்த மெதுவான கலவையால் அடைக்க வேண்டும். வெறும் சிமெண்டு கூடாது. கலவை செங்கல்லைவிடக் கெட்டியாக இருந்தால் வெயிலுக்கும் மழைக்கும் செங்கல்தான் உடைந்து போகும். கலவை உடைந்தால் திரும்ப அடைத்துக்கொள்ளலாம், செங்கல் உடைந்தால் எங்கே போவது? உடனே நான் புருஷன் பெண்டாட்டி உவமை சொல்லப்போகிறேன் என்று பயப்படாதே. அதையெல்லாம் தாலி கட்டி முடிந்ததும் உங்கப்பா மைக்கைப் பிடித்துச் சொல்லுவார்.

எங்காவது பட்டாசு ஆலையில் வெடித்த சத்தம் கேட்டால் நம் தெருவில் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். யாரும் சுவரைப் பார்க்க மாட்டார்கள். எந்தப் பக்கம், தாயில்பட்டியா, இங்கே பக்கத்திலா, யார் வீட்டில் யார் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்றுதான் போனும் கையுமாக நிற்போம். எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் சோறு இறங்கும். திரும்பி வராத நாட்களும் உண்டு, அதைப் பற்றி எழுத எனக்குக் கை வராது. மறுநாள் காலையில்தான் சுவரைச் சுற்றி வருவேன். வெடித்த அதிர்வில் ஜன்னல் மேல் எங்காவது கலவை விரிசல் விட்டிருக்கும். பூசாத சுவர் என்பதால் கண்ணுக்கு உடனே தெரியும். அதை அடைத்துக்கொண்டே, நம் வீட்டு ஆட்கள் முழுசாக இருக்கிறார்கள் என்று அந்தச் சுவருக்கு நன்றி சொல்லுவேன். சுவருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதே. நன்றி சொல்ல எதிரே ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது.

இனி உன் கதைக்கு வருகிறேன். உங்கக்கா கல்யாணம். கல்யாணத்துக்கு முதல் நாள் நாங்கள் எல்லாரும் மண்டபத்தில் இருந்தோம். நீ காலேஜில் படித்துக்கொண்டிருந்தாய். உன் கூட்டாளிகளில் பாதிப் பேர் பிரஸ்ஸில் வேலை பார்க்கிறவர்கள். வேறு ஊரில் கல்யாண போஸ்டர் என்றால் நாலைந்து அடிப்பார்கள், ஆள் உயரத்துக்கு இருக்கும். நம் ஊரில் கேட்க வேண்டுமா? காலண்டர் அடிக்கிற மெஷினில், காலண்டர் அடிக்கிற பேப்பரில், மணமக்கள் ஒரு மூலையிலும் இவர்கள் கூலிங் கிளாஸ் போட்டு நடுவிலும் நிற்கிற மாதிரி அடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒட்ட இடம் தேடினார்கள். ரோட்டைப் பார்த்து ஒரு பூசாத சுவர் சும்மா நிற்கிறது, பசைக்கு நல்ல பிடிமானம் வேறு. உங்கப்பா ஷெட்டில் அட்டை ஒட்டக் காய்ச்சி வைத்திருந்த மைதாப் பசை ஒரு அண்டா. பூச்சி அரிக்கக் கூடாது என்று அதில் மயில்துத்தம் கலந்திருந்தது. அந்தப் பசையை அள்ளி அப்பி, வாசல் நிலையிலிருந்து கைப்பிடிச் சுவர் வரைக்கும் ஒரு செங்கல் தெரியாமல் ஒட்டிவிட்டார்கள். நீயும்தான் ஒட்டினாய். மறுநாள் மாப்பிள்ளை பெண்ணை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, பக்கத்து வீட்டுப் பசுமாடு போஸ்டரில் உன் முகத்தை நக்கிக்கொண்டு நின்றது. மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே என்ன எரிந்தது என்று ஆரத்தித் தட்டுக்குத்தான் தெரியும்.

கல்யாண வேலை ஓய்ந்த பிறகு கிழித்துப் பார்த்தால் போஸ்டரின் மேல்தோல்தான் வந்தது, அடித்தோல் செங்கல்லோடு ஒட்டிக்கொண்டது. பசை காய்ந்த இடமெல்லாம் துத்தம் இறங்கிப் பச்சையும் நீலமுமாக இருந்தது. உங்கப்பா யாரோ டைல்ஸ் கழுவுகிறவர் பேச்சைக் கேட்டு ஆசிட் கேன் ஒன்றை வாங்கி வந்துவிட்டார். அடுக்களைப் பின்பக்க மூலையில் ஊற்றிப் பார்த்தார். புகைந்து நுரைத்தது. போஸ்டர் போனது, கூடவே கலவையும் போனது, செங்கல் நோயாளி முகம் மாதிரி வெளுத்துவிட்டது. அடுத்த சுவருக்கு அவர் கேனைத் தூக்கியபோது நீ ஓடிவந்து கையைப் பிடித்தாய். “கீழ வைங்கப்பா. ஒட்டுனது நாங்க. நான் எடுத்துத் தாரேன்,” என்றாய்.

உனக்கு இது மறந்திருக்கும், எனக்கு மறக்காது. அந்த லீவு முழுவதும் நீ ஊர் சுற்றப் போகவில்லை. உன் கூட்டாளிகள் குற்றாலத்தில் சீசன் என்று வேன் பிடித்து வந்து வாசலில் நின்று கூப்பிட்டார்கள். நீ போகவில்லை. ஈரச்சாக்கைச் சுவரில் தொங்கவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி ஊற்றி, பசை ஊறும்வரை உட்கார்ந்திருப்பாய். பிறகு உங்கப்பா லேபிள் மடிப்பை அழுத்துகிற மூங்கில் பட்டையால், செங்கல்லில் கீறல் விழாமல், தோலை உரிப்பது மாதிரி உரிப்பாய். கம்பி பிரஷ் போட்டால் சீக்கிரம் போகுமே என்று உங்கப்பா சொன்னதற்கு, “தாத்தா சுட்ட தோல் போயிரும்ப்பா,” என்றாய். உன் தாத்தா முகத்தைக்கூட நீ சரியாகப் பார்த்ததில்லை. நான் ஒரு தடவை சோறு போடும்போது பேச்சுவாக்கில் சொன்னதுதான், சுட்ட செங்கல்லுக்கு மேல்தோல்தான் பலம், அது போனால் உள்ளே மண் என்று எங்கய்யா சொன்னார் என்று. அதை நீ நினைவில் வைத்திருந்தாய். சாப்பிட உட்கார்ந்தால் உன் விரல் நுனியெல்லாம் ஊறித் தோல் உரிந்து, ரசம் பட்டு எரியும். நீ ஸ்பூனில் சாப்பிட்டாய், நான் ஸ்டைல் காட்டுகிறாயா என்று கிண்டல் செய்தேன். யய்யா, இப்போது சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு மனசு நிறைந்து கிடந்தது. எங்கய்யா கொடுத்த சீரை நீ எனக்கு இரண்டாம் தடவை கொண்டுவந்து கொடுத்தாய். வாசல் ஜன்னலுக்குக் கீழே மட்டும் கொஞ்சம் நீலம் போகவில்லை, இன்னும் இருக்கிறது. அதைப் போக்க நானும் முயற்சி செய்யவில்லை.

அப்படிப்பட்ட பிள்ளை போனில், வீடு இப்படியா நிற்க வேண்டும் என்று கேட்டால் எனக்கு எப்படி இருக்கும், சொல். வேலைக்குப் போய்விட்டான், பெரிய இடத்தில் பெண் எடுக்கிறான், செங்கல் கண்ணை உறுத்துகிறது என்று நினைத்தேன். அதைவிட மோசம், மீனாவை நினைத்தேன். நம் வீடு பார்க்க வந்த அன்று அவள் அப்பா சுவர்ப்பக்கம் போய் நின்று தடவித் தடவிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. விருதுநகரில் பருப்பு மண்டி வைத்திருக்கிற மனிதர், சரக்கைத் தரம் பார்ப்பது போல நம் வீட்டைத் தரம் பார்த்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். வீட்டுக்குள் கால் வைக்கும் முன்னே சுவரைப் பூசச் சொல்கிறவள், கால் வைத்த பிறகு என்னென்ன சொல்வாளோ என்று, அந்தப் பிள்ளையை இந்த ஒரு வாரமாக மனசுக்குள் திட்டிக்கொண்டே பாத்திரம் தேய்த்தேன். தேய்த்த தேய்ப்பில் தோசைக்கல்லே வெளுத்துவிட்டது.

நேற்று அவளே போன் செய்தாள். முகூர்த்தப் புடவைக்கு என்ன நிறம் எடுக்கலாம் என்று கேட்கத்தான். எனக்கு வாய் சும்மா இருக்குமா? “எந்த நெறம் எடுத்தாலும் செங்க நெறம் மட்டும் வேண்டாம்த்தா, ஒங்க வீட்ல பிடிக்காதாம்ல,” என்றேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“யாரு அத்தை சொன்னா? எங்கப்பா அந்தச் சுவரைப் பாத்துட்டு வந்து, இம்புட்டு வருசம் இப்படிச் சிதையாம வச்சிருக்காகளேன்னு எங்கம்மாட்ட சொல்லிச் சொல்லி மாஞ்சு போனாக. நாங்க ஒண்ணுமே சொல்லலை அத்தை. ஒங்க மகன்தான் பயப்படுதாக. தை மாசம் நீங்க ஏணியில இருந்து சறுக்குனீகளாமே. அண்ணி சொல்லிட்டாக. பூசிட்டா அம்மா ஏற மாட்டாகன்னு எங்கிட்டச் சொன்னாக.”

தையில் மேல் வரிசை உப்பைத் தேய்க்க ஏறினேன், உண்மைதான். ஏணிக்கால் ஈரமண்ணில் சறுக்கியது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன், முழங்கையில் சிராய்ப்பு. உங்கப்பாவிடம் முருங்கைக்காய் பறிக்கும்போது கீறியது என்றேன். உங்கக்கா மட்டும் பொங்கல் கழித்து வந்தபோது கண்டுபிடித்துவிட்டாள், தம்பியிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினேன். அவள் சத்தியத்தின் லட்சணம் தெரிந்துவிட்டது. முதலில் அவள்மேல் கோபம் வந்தது, பிறகு உன்மேல். அப்புறம் கோபத்துக்கு ஆள் இல்லாமல் போய் அழுகை வந்தது. செங்கல்லைப் பார்த்து வெட்கப்படுகிறான் என்று நான் நினைத்த பிள்ளை, அம்மா விழுந்துவிடுவாளோ என்று இருநூறு மைலுக்கு அப்பால் உட்கார்ந்து பயந்துகொண்டிருந்திருக்கிறான். விழுவாய், ஏறாதே என்று சொன்னால் நான் கேட்க மாட்டேன் என்று தெரிந்து, ஏறவே தேவையில்லாமல் சுவரை மறைக்கப் பார்த்திருக்கிறாய். என்னைப் பெற்றவர் என்னைச் சுற்றிச் சுவர் வைத்தார். நான் பெற்றவன் அந்தச் சுவரிலிருந்து என்னைக் காப்பாற்றப் பார்க்கிறான். இரண்டும் ஒன்றுதான் என்று புரிய எனக்கு ஒரு முழுச் சாயங்காலம் ஆனது. நான் கொடுத்து வைத்தவள், யய்யா.

ஆனாலும் அம்மா என்றால் ஒரு புத்திமதியாவது சொல்ல வேண்டும், இதைச் சொல்லாமல் விட முடியாது. உன் பயத்தை உன் வாயாலேயே சொல். அதை மீனா வாயில் வைக்காதே. நீ அவள் பேரைச் சொல்லிவிட்டாய், நான் ஒரு வாரம் அவளைத் திட்டினேன், அவளுக்கு ஒரு பாவமும் தெரியாது. நேற்று அவள் போன் செய்யாமல் இருந்திருந்தால், திங்கட்கிழமை சுவர் மறைந்திருக்கும், அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் அவள் முகம்தான் எனக்குத் தெரிந்திருக்கும். மாமியார் மருமகள் சண்டை ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. பாதி, நடுவில் நிற்கிற பிள்ளைகள் நல்லெண்ணத்தோடு சொல்கிற இந்த மாதிரிச் சின்னப் பொய்யில்தான் முளைக்கிறது. சுவர் இடுக்கில் அரசங்கன்றை நான் இரண்டு இலை விடும்போதே பிடுங்கிவிடுவேன். இதையும் இப்போதே பிடுங்கிவிட்டேன். குக்கர் விசில் அடித்தவளும் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். பொய் சொல்லும் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிகிறது.

இனி முடிவு. மீனாவிடம், நீயே சொல்லுத்தா, பூசவா வேண்டாமா என்று கேட்டேன். “சுவர் அப்படியே இருக்கட்டும் அத்தை. ஏணியப் பூட்டிருங்க,” என்றாள். உன் மூளைக்கு எட்டாதது அவளுக்கு எட்டிவிட்டது பார். கொத்தனாரிடம் பேசிவிட்டேன். திங்கட்கிழமை சாரம் கட்ட ஆள் வரட்டும். பூச வேண்டாம், உயரத்தில் கலவை உதிர்ந்த இடங்களைச் சுண்ணாம்புக் கலவையால் அடைத்துவிட்டு, ஆசிட் பட்ட அந்த மூலையையும் சரி செய்தால் போதும். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் சிவப்புச் சுவரையே பார்க்கட்டும். உன் கூட்டாளிகளிடம் மட்டும் சொல்லிவை. போஸ்டரைக் கயிற்றில் கட்டி கேட்டில் தொங்கவிடலாம். பசையோடு எவனாவது சுவர்ப்பக்கம் வந்தால், அன்றைக்கு நான் மாப்பிள்ளையின் அம்மா என்பதை மறந்துவிடுவேன்.

தையில் உப்புப் பூக்கும். என் கை எட்டுகிற மட்டும் நான் தேய்ப்பேன், அதில் யாரும் தலையிடக் கூடாது. அதற்கு மேலே உள்ளது இனி உன் பங்கு. ஏணியை உங்கப்பா கொல்லை வேப்பமரத்தோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார். பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று இந்தக் கவருக்குள் இருக்கிறது. இன்னொன்றை விருதுநகருக்கு அனுப்பிவிட்டேன். நீ மறந்தாலும் அவள் கொண்டுவருவாள்.

அம்மா